ரோக்கியோவில் பொன், இலங்கையில் தீ

சிறு தீவான இலங்கை, ஒலிம்பிக்கில் முதன்முதலாகப் பங்குபற்றியது 1948இல் இலண்டனிலாகும். அப்போதே டங்கன் வைற் 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். அடுத்த ஒலிம்பிக் பதக்கத்தைச் சுசந்திகா ஜயசிங்க 2000இல் சிட்னியில் பெறும்வரை 52 ஆண்டுகள் கழிந்தன.

ஆசிய விளையாட்டு விழாவில் அந்நாட்டுக்கு முதல் தங்கத்தை ஈட்டியவர் ஒரு தமிழர்: யாழ். மத்திய கல்லூரியின் பழைய மாணவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். ஹெல்சிங்கி (1952), மெல்பேர்ண் (1956) ஒலிம்பிக் போட்டிகளிலும் பங்குபற்றிய அவர், 1958இல் ரோக்கியோவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்தார்.

அவ்விழா மே 24 முதல் ஜூன் 1 வரை நடைபெற்றது. அதே நாள்களில் இலங்கையில் தமிழர் கொல்லப்பட்டனர், வீடுகள் எரிந்தன. மே 27இல் அவசரகாலநிலை பிரகடனமாயிற்று. கொழும்புத் தமிழர் அகதிகளாகக் கப்பலேறி வடக்கே சென்றனர். நாட்டுக்குப் பொன் தந்த இனத்துக்கு நாட்டில் பாதுகாப்பு இருக்கவில்லை.

எதிர்வீரசிங்கம் 2024இல் மறைந்தார். ரொறன்ரோவில் பிள்ளைகளை விளையாட்டுப் போட்டிகளுக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர் அவர் கதையை முழுமையாகச் சொல்லவேண்டும். தீயை மட்டும் சொன்னால் நாம் யார் என்பது அவர்களுக்கு விளங்காது; பொன்னை மட்டும் சொன்னால் நாம் ஏன் இங்கு வந்தோம் என்பது விளங்காது.