பாட்டுக்கு 'கத்தரி' போடும் வித்தை: வீட்டிலேயே கத்துக்கலாம், திருட்டு சாப்ட்வேர் போட்டால் கம்பி எண்ணணும்!

கோவில்பதாகையில் இருந்து கோடம்பாக்கம் ரிக்கார்டிங் தியேட்டருக்குப் போவது லேசுப்பட்ட காரியம் அல்ல. பஸ் பிடித்து ஆவடி ஸ்டேஷன், மின்சார ரெயிலில் சென்ட்ரல், ரோட்டைத் தாண்டி பார்க் ஸ்டேஷன், அங்கே இருந்து தாம்பரம் ரெயில். பாட்டை வெட்டி ஒட்டும் எடிட்டிங் வேலையைக் கற்க இன்று இந்த அலைச்சல் வேண்டாம். வீட்டில் ஒரு கம்ப்யூட்டர், நல்ல ஹெட்போன் இருந்தால் போதும். ஆனால் இதில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

பிளேடால் வெட்டினார்கள்

முன்பெல்லாம் பாட்டு டேப்பில் பதிவானது. தப்பு வந்த இடத்தை பிளேடால் சாய்வாக வெட்டி ஒட்டுவார்கள். கை தவறினால் போச்சு! 1986-ல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கம்ப்யூட்டர் இசையைப் பயன்படுத்தினார். 1992-ல் 'ரோஜா' பாட்டுகளை ஏ.ஆர்.ரகுமான் தன் வீட்டு ஸ்டூடியோவிலேயே உருவாக்கினார்.

இப்போது பாடியவரின் குரல் கம்ப்யூட்டர் திரையில் அலை அலையாகத் தெரிகிறது. வெட்டுவதும் அங்கேயேதான்.

'டப்' சத்தம் ஏன்?

புதுசாகப் பழகும் பையன்கள் கண்ட இடத்தில் வெட்டுவார்கள். ஒட்டிய இடத்தில் 'டப்' என்று கேட்கும். அலை நடுக்கோட்டைத் தொடும் இடம் பார்த்து வெட்ட வேண்டும். பிறகு இரண்டு துண்டுகளின் ஓரத்தையும் சில மில்லி செகண்டு ஒன்றின்மேல் ஒன்று ஏற்ற வேண்டும். முதல் துண்டு தேயத் தேய, அடுத்தது எழும். இதுதான் 'கிராஸ்பேடு'.

மூச்சு வாங்கும் சத்தத்தை அடியோடு வெட்டினால் பொம்மை பாடுவது மாதிரி ஆகிவிடும். சத்தத்தைக் குறைத்து விட்டால் போதும்.

ஒரே பாட்டை ஐந்தாறு தடவை பாட வைத்து, நல்ல வரிகளை மட்டும் பொறுக்கிச் சேர்ப்பது 'காம்பிங்'. இதை வெளியே சொன்னால் பாடகருக்குக் கோபம் வரும்!

சுருதி விலகினால் 'ஆட்டோடியூன்'. 1997-ல் இதைக் கொண்டு வந்த அமெரிக்கர் ஆண்டி ஹில்டபிராண்டு, அதற்கு முன் பூமிக்குள் எண்ணெய் தேடும் வேலைக்காக ஒலி அலைகளை ஆராய்ந்தவர். அந்தக் கணக்கையே குரலுக்குத் திருப்பி விட்டார்.

7 நாள் ஜெயில்

இனி வில்லங்கம். விலை கூடிய சாப்ட்வேரை 'கிராக்' செய்து பென்டிரைவில் கைமாற்றும் பழக்கம் இருக்கிறது. தெரிந்தே அதைப் பயன்படுத்துவது காப்புரிமைச் சட்டம் 63-பி பிரிவின்படி குற்றம். குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு ஜெயில். அபராதம் ரூ.50 ஆயிரம் முதல் ரூ.2 லட்சம் வரை. சம்பாதிக்கப் பயன்படுத்தவில்லை என்றால் கோர்ட்டு ஜெயிலைத் தவிர்த்து அபராதத்தோடு விடலாம். போதாக்குறைக்கு வைரஸ் வேறு கூடவே வரும்.

திருட வேண்டிய அவசியமே இல்லை. 2000-ல் வெளிவந்த 'ஆடாசிட்டி' முழுக்க இலவசம். 'ரீப்பர்' சாப்ட்வேரை 60 நாள் காசு கொடுக்காமல் போட்டுப் பார்க்கலாம். எதில் பழகினாலும், வெட்டும் முன் ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

முறையாகப் படிக்க விரும்பினால், தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் ஒலிப்பதிவுக்கு 4 ஆண்டு பட்டப்படிப்பு உள்ளது.