கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று



சில மாதங்களுக்கு முன் எங்கள் பெண்கள் வார்டில் ஒரே பெயருடைய இரண்டு பாட்டிமார் இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது. ஊசி போடும் நேரத்தில் சிஸ்டர் வழக்கப்படி பெயரையும் பிறந்த தேதியையும் கம்ப்யூட்டர் சீட்டோடு ஒத்துப் பார்த்தார். இரண்டும் பொருந்தின. ஆனாலும் ஏதோ மனதில் உறுத்தவே, "பாட்டி, உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டார். சீட்டில் இருந்த ஊர் வேறு. ஊசி போடப்படவில்லை.

இரண்டு பாட்டிமாருக்கும் பிறந்த தேதி எப்படி ஒன்றாயிற்று? நான் பதிவு மேஜைக்குப் போய்க் கேட்டேன். அங்கே வேலை செய்யும் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "ஐயா, அவங்களுக்குப் பிறந்த தேதி தெரியாது. எழுபது இருக்கும்னு சொன்னாங்க. அந்தக் கட்டம் காலியா இருந்தா கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகாது. அதனால ஜனவரி ஒண்ணுன்னு போட்டுடுவோம்." நம்முடைய வெளி நோயாளிகளில் எத்தனை பேர் புத்தாண்டு தினத்தில் பிறந்தவர்கள் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்!

அந்தக் கட்டத்தை அமைத்தவர் கவனக்குறைவானவர் அல்ல. அவர் அறிந்த உலகத்தில் எல்லாருக்கும் பிறந்த தேதி தெரியும். தேதி தெரியாதவர்களும் உண்டா என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. அவரிடம் சொல்லவேண்டும் என்று நமக்கும் தோன்றவில்லை. நமக்கு அது அவ்வளவு சாதாரணமான விஷயம். இப்படி இரு பக்கத்தாரும் சொல்லாமல் விட்டவற்றைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு சாப்ட்வேர் துறையில் ஒரு தனிப் பெயரே உண்டு. அவர்கள் அதை 'ரிக்வயர்மென்ட்ஸ் எஞ்சினியரிங்' என்கிறார்கள். தமிழில் 'தேவைகளை வரையறுக்கும் பணி' எனலாம். சாப்ட்வேர் எழுதுவதில் மிகக் கடினமான பகுதி எதை எழுதவேண்டும் என்று தீர்மானிப்பதுதான் என்று ஃபிரெட் புரூக்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1986லேயே எழுதினார். எழுதி முடித்த பின் தவறு தெரியவந்தால், கட்டி முடித்த வீட்டில் அஸ்திவாரத்தை மாற்றுவது போலாகிவிடும்.

வீடு கட்டும்போது நாம் கொத்தனார் பக்கத்தில் நிற்கிறோம். "அண்ணே, இந்த ஜன்னலைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்" என்று சொல்லிவிடலாம். ஆனால் கேட்பவர் ஒரு கண்டத்திலும் கட்டுபவர் இன்னொரு கண்டத்திலும் இருந்தால்? 1990களிலிருந்து சாப்ட்வேர் வேலையில் பெரும்பகுதி அப்படித்தான் நடக்கிறது. லண்டனிலும் அமெரிக்காவிலும் கேட்கப்படுகிறது. சென்னையிலும் பெங்களூரிலும் எழுதப்படுகிறது.

தூரம் என்றால் பல்லாயிரம் மைல் வேண்டியதில்லை. தாமஸ் ஆலன் என்ற ஆராய்ச்சியாளர் 1977ல் வெளியிட்ட நூலில், ஒரே நிறுவனத்தில் வேலை செய்யும் எஞ்சினியர்களின் மேஜைகளுக்கு இடையே 30 மீட்டர் தூரம் ஆனாலே அவர்கள் பேசிக்கொள்வது வெகுவாகக் குறைந்துவிடுகிறது என்று காட்டினார். பின்னர் ஹெர்ப்ஸ்லெப், மோகஸ் என்ற இருவர் பல நாடுகளில் கிளைகள் கொண்ட ஒரு பெரிய நிறுவனத்தை ஆராய்ந்து 2003ல் எழுதினார்கள். ஒரே இடத்தில் செய்யப்படும் மாற்றத்தோடு ஒப்பிட்டால், அதுபோன்ற மாற்றத்தை இரண்டு இடங்களில் இருப்பவர்கள் சேர்ந்து செய்ய ஏறக்குறைய இரண்டரை மடங்கு காலம் பிடிக்கிறதாம். அவர்கள் சோம்பேறிகள் என்பதால் அல்ல. தூரம் கூடும்போது ஒரே வேலைக்கு அதிகம் பேர் தேவைப்படுகிறார்கள், பதிலுக்குக் காத்திருப்பதும் கூடுகிறது.

சபையிலுள்ள ஒரு வாலிபர் சென்னையில் இப்படிப்பட்ட வேலையில் இருக்கிறார். விடுமுறைக்கு வந்தபோது அவரிடம் விவரமாகக் கேட்டேன். அமெரிக்காவின் மேற்குக் கரையில் காலை 9 மணி ஆகும்போது நமக்குக் கோடையில் இரவு 9.30, குளிர்காலத்தில் 10.30. காலையில் ஒரு சந்தேகம் வந்தால் எழுதி அனுப்புவார். மறுநாள் காலை பதில் இருக்கும். பல வேளைகளில் அந்தப் பதிலே ஒரு கேள்வியாக இருக்கும். அதற்கு விளக்கம் எழுதினால் மூன்றாம் நாள். "வெள்ளிக்கிழமை கொடுத்தாகணும் ஐயா. அதனால இப்படித்தான் இருக்கும்னு நெனச்சு எழுதிடுவோம்" என்றார். நினைத்தது சரியாக இருந்தால் நல்லது. தவறானால், அது யாரோ ஒருவர் நினைத்தது என்று எந்தக் காகிதத்திலும் இராது. கேட்டவர்கள் கேட்டபடிதான் வந்திருக்கிறது என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருப்பார்கள்.

டேனியலா டேமியன், டிடார் ஸோகி என்ற இரண்டு பெண் அறிஞர்கள் பல நாடுகளில் பரவியிருந்த ஒரு நிறுவனத்தை ஆராய்ந்து 2003ல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. பேச்சுத் தொடர்பு போதாமை, அறிந்ததை எல்லாருக்கும் கிடைக்கும்படி வைக்காமை, பண்பாட்டு வேற்றுமை, நேர வித்தியாசம் என்று நான்கு வேர்களை அவர்கள் சொன்னார்கள். நேர வித்தியாசத்தைப் பார்த்துவிட்டோம். எனக்குப் பண்பாட்டைப் பற்றித்தான் சொல்லவேண்டும் போலிருக்கிறது, ஏனெனில் அதை நான் தினமும் கட்டிலருகே காண்கிறேன்.

நம்முடைய 'சரிங்க' என்ற வார்த்தையை எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளியிடம் டாக்டர் சொன்னதை விளக்கிச் சொன்னால் "சரிங்க ஐயா" என்பார்கள். நீங்கள் பேசியது காதில் விழுந்தது என்பதே பெரும்பாலும் அதன் அர்த்தம். விளங்கிற்று என்றோ, அப்படியே செய்வேன் என்றோ அல்ல. பெரியவர்களிடம் மறுபடி கேட்பது மரியாதை இல்லை என்று நாம் வளர்க்கப்பட்டிருக்கிறோம். தொலைபேசியில் வெளிநாட்டு மேலாளர் "விளங்கிற்றா?" என்று கேட்கும்போதும் நம் பிள்ளைகள் அதே 'சரி'யைத்தான் சொல்கிறார்கள், அங்கே அது ஒப்பந்தத்தில் போட்ட கையெழுத்தாகிவிடுகிறது. நான் இப்பொழுதெல்லாம், "அம்மா, நான் சொன்னதை உங்கள் வார்த்தையில் எனக்குச் சொல்லுங்கள் பார்ப்போம்" என்கிறேன். நல்ல சாப்ட்வேர் குழுக்களும் இதைச் செய்கின்றன. தேவைகளைப் பெற்றுக்கொண்டவர்கள் அவற்றைத் தங்கள் சொற்களில், ஓர் உதாரண நோயாளியை வைத்து எழுதித் திருப்பி அனுப்புகிறார்கள்.

வார்த்தைகளும் ஏமாற்றும். 'டிஸ்சார்ஜ்' என்கிறோம். டாக்டர் சீட்டு எழுதிய நேரமா, பில் கட்டிய நேரமா, நோயாளி கட்டிலை விட்டு எழுந்துபோன நேரமா? நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் பில் முடியாமல் கட்டில் காலியாவதில்லை. இங்கிலாந்தின் அரசாங்க மருத்துவச் சேவையில் உள்நோயாளி பில் கட்டுவதே இல்லை. அங்கே முதலில் குடும்ப மருத்துவர் கடிதம் எழுதுகிறார், பிறகு காத்திருப்போர் பட்டியல், பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரி. அட்வான்ஸ் கட்டி அட்மிஷன் போட்டே பழகிய ஒருவர் சென்னையில் உட்கார்ந்து அந்தக் காத்திருப்போர் பட்டியலுக்குச் சாப்ட்வேர் எழுதவேண்டுமானால், எவ்வளவு புத்திசாலியாயிருந்தாலும் யாராவது அவரை அந்த வார்டுக்குள் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டவேண்டாமா?

இது கற்பனை உதாரணம் அல்ல. இங்கிலாந்து அரசாங்கம் 2002ல் நாடு முழுவதிலும் உள்ள ஆஸ்பத்திரிகளைக் கம்ப்யூட்டரால் இணைக்க ஒரு மாபெரும் திட்டம் தொடங்கிற்று. நாட்டை ஐந்து பகுதிகளாகப் பிரித்து 2003ன் முடிவிலும் 2004ன் தொடக்கத்திலும் பெரிய கம்பெனிகளுக்கு ஒப்பந்தம் கொடுத்தது. அவற்றில் மூன்று பகுதிகளுக்கு 'லொரென்ஸோ' என்ற சாப்ட்வேர் வரவேண்டியிருந்தது. அதைத் தயாரித்த ஐசாஃப்ட் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்துக்கு நம் சென்னையில் பெரிய அலுவலகம் இருந்தது; லொரென்ஸோவின் பெரும்பகுதி அங்கேதான் எழுதப்பட்டது. வருஷங்கள் கடந்தன. இரண்டு பகுதிகளைப் பொறுப்பேற்றிருந்த அக்செஞ்சர் நிறுவனம் 2006ல் விலகிக்கொண்டது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், மோர்கம் பே என்ற இடத்தில், லொரென்ஸோ நடைமுறைக்கு வர 2010 ஆயிற்று. மருத்துவக் குறிப்பேடுகளுக்கான பகுதிக்கு மட்டும் அதுவரை 270 கோடி பவுன் செலவாகிவிட்டது என்றும், அதற்கேற்ற பயன் கிடைக்கவில்லை என்றும் அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் 2011 மே மாதம் அறிக்கை கொடுத்தது. அதே வருஷம் செப்டம்பரில் திட்டத்தைக் கலைப்பதாக அரசாங்கம் அறிவித்தது.

குற்றம் சென்னைப் பிள்ளைகளுடையது என்று சிலர் அப்போது பேசினார்கள். எனக்கு அது நியாயமாகத் தோன்றவில்லை. வார்டில் இருக்கும் நர்ஸ் தன் தேவையைச் சொல்ல, ஆஸ்பத்திரி நிர்வாகம், பகுதி அலுவலகம், லண்டன் தலைமை, ஒப்பந்தக் கம்பெனி, துணைக் கம்பெனி என்று கைமாறி அது சென்னைக்கு வந்து சேரவேண்டும். இதில் நர்ஸுகளிடமும் டாக்டர்களிடமும் ஒப்பந்தம் போடுமுன் போதுமான அளவு கேட்கப்படவில்லை என்பதே விசாரித்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன குறை. எல்லா ஆஸ்பத்திரிக்கும் ஒரே அச்சு என்று மேலிடத்தில் தீர்மானித்தாகிவிட்டது. கல்யாண வீட்டில் எல்லாருக்கும் ஒரே அளவில் சட்டை தைத்தது போலத்தான்!

எல்லாவற்றையும் தெளிவாக எழுதி வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. அமெரிக்கா 1998 டிசம்பரில் செவ்வாய் கிரகத்துக்கு ஒரு விண்கலம் அனுப்பிற்று. அதைக் கட்டியவர்கள் டென்வர் நகரில். பாதையைக் கணக்கிட்டவர்கள் கலிபோர்னியாவில் பாசடீனாவில். ஒரே நாடு, ஒரே பாஷை. கலத்தைத் தள்ளும் விசையை மெட்ரிக் முறையில் நியூட்டன் கணக்கில் தரவேண்டும் என்று ஆவணத்தில் எழுதியே இருந்தது. ஆனால் ஒரு சாப்ட்வேர் பழைய பவுண்டு கணக்கில் கொடுத்துக்கொண்டிருந்தது. வித்தியாசம் ஏறக்குறைய நாலரை மடங்கு. 1999 செப்டம்பர் 23ல் கலம் செவ்வாயை நெருங்கியபோது சுமார் 226 கிலோமீட்டர் உயரத்தில் போகவேண்டியது 57 கிலோமீட்டருக்கு இறங்கிவிட, கலம் தொலைந்தது. என் மனதைத் தொட்டது வேறொன்று. வழியிலேயே சிலருக்குச் சந்தேகம் வந்திருந்தது. அவர்கள் மின்னஞ்சலில் அதைப் பேசிக்கொண்டார்கள். முறையான புகார்ப் பதிவேட்டில் ஏற்றவில்லை.

செமினரியில் படித்த காலத்திலிருந்தே எனக்குப் பிடித்த ஓர் இடம் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம். பவுல் தமது முந்தின கடிதத்தில் எழுதியதைச் சபையார் வேறுவிதமாக எடுத்துக்கொண்டதால், நான் சொன்னது இன்னாரைக் குறித்து, உலகத்தார் எல்லாரையும் குறித்து அல்ல என்று எபேசுவிலிருந்து மறுபடி எழுதித் திருத்துகிறார். கடல் கடந்து எழுதுகிறவர்களின் கஷ்டம் பழையது.

வேறு வழியில் போனவர்களும் உண்டு. கென்யாவில் எல்டொரெட் என்ற ஊரில் மோய் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகமும் பல வருஷங்களாகச் சேர்ந்து மருத்துவ ஊழியம் செய்துவந்தன. அங்கே எச்.ஐ.வி. நோயாளிகளின் எண்ணிக்கை பெருகியபோது பழைய பதிவு முறை தாங்கவில்லை. இண்டியானாவிலிருந்து வந்த மருத்துவர்கள் 2004ல் எல்டொரெட்டிலேயே நிலைமையைப் பார்த்து ஒரு புதிய சாப்ட்வேரை வடிவமைக்கத் தொடங்கினார்கள். அதன் பெயர் ஓப்பன் எம்.ஆர்.எஸ். 2006ல் அது அங்கே நடைமுறைக்கு வந்தது. யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம்.

அதை வடிவமைத்தவர்கள் ஒரு காரியத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டார்கள்: ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் என்ன கேட்கும் என்று தங்களால் முன்கூட்டி அறியமுடியாது. ஆகவே, என்னென்ன கேள்விகள், அவற்றுக்கு என்னென்ன பதில்கள் என்பதைச் சாப்ட்வேருக்குள் இறுக்கிக் கட்டாமல் ஓர் அகராதி போல வெளியே வைத்தார்கள். காசநோய்க்கு ஒரு கேள்வி சேர்க்கவேண்டுமானால் அந்த அகராதியில் ஒரு சொல் சேர்த்தால் போதும். அதற்காகப் புரோகிராம் எழுதுகிறவரை, இன்னொரு கண்டத்தில் அவர் தூங்கி எழும்வரை, எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. நம் நாட்டில் சத்தீஸ்கரில் கனியாரி என்ற கிராமத்து ஆஸ்பத்திரியில் தொடங்கி வளர்ந்த 'பாம்னி' என்ற சாப்ட்வேரும் இதன்மேல் கட்டப்பட்டதே. இதிலும் குறைகள் இல்லாமல் இல்லை. அகராதியை ஆளுக்கு ஒரு விதமாக வளர்த்துவிட்டால் இரண்டு ஆஸ்பத்திரிகளின் கணக்கை ஒன்றாகக் கூட்டிப் பார்ப்பது பெரும்பாடு.

நம் வாலிபர் தமது மடிக்கணினியில் அந்தச் சாப்ட்வேரை எனக்குத் திறந்து காட்டினார். பிறந்த தேதிக் கட்டத்தைத் தேடினேன். அதனோடு சேர்த்து, இந்தத் தேதி உத்தேசமானது என்று குறித்து வைக்கவும் ஓர் இடம் இருந்தது. வயதை மட்டும் சொன்னால் வருஷத்தைத் தானே கணக்கிட்டு, உத்தேசம் என்று குறித்துக்கொள்ளும். பிறந்த தேதி தெரியாத யாரோ ஒரு தாயை நேரில் கண்டவர்கள் போட்ட குறி அது!

பதிவு மேஜைப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். "நமக்கும் அப்படி ஒண்ணு வந்தா நல்லாயிருக்கும் ஐயா" என்றாள். எங்கள் சாப்ட்வேரைத் தயாரித்தவர்களுக்கு நிர்வாகத்தின் மூலமாகக் கடிதம் எழுதினோம். பத்து நாளில் பதில் வந்தது. உங்களிடம் வருகிறவர்களில் பிறந்த தேதி தெரியாதவர்கள் எத்தனை பேர் என்று கேட்டிருந்தார்கள். போன திங்கட்கிழமை முதல் அந்தப் பெண் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு எண்ணி வருகிறாள்.