நிறையும் நிறைவும்: பாசிமணி வாங்குவதில் நான்களவை

எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவைகள் நான்கு. ஆகுபெயர் படித்த எவரும் இவற்றை ஒருமுறையாவது மனப்பாடம் செய்திருப்போம். தேர்வோடு மறந்துபோன இந்த நான்கும் இன்றும் ஒரே பொருளுக்குப் புழங்குவதைக் காண விரும்பினால், கைவினைப் பொருள் விற்கும் கடைக்குச் சென்று கண்ணாடி மணி கேட்டுப் பாருங்கள். பெரிய மணிகளைப் பத்து, இருபது என்று எண்ணித் தருவார்கள். பாசிமணியைக் கிராம் கணக்கில் நிறுத்துத் தருவார்கள். சிறு குழாயில் நிரப்பி, குழாய்க்கு இவ்வளவு என்றும் விற்பார்கள், இது முகத்தல். செக் நாட்டுப் பாசிமணி நூலில் கோத்த சரங்களாக வரும், இது நீட்டல்.

இந்த நான்கில் வாங்குபவருக்கு ஏற்றது எது? என் அம்மா வீட்டிலிருந்தபடியே ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்து தருகிறார். ரவிக்கைக்கு இத்தனை வெள்ளி என்று கூலி பேசுகிறார். மணியோ கிராமிலும் குழாயிலும் வருகிறது. இடையில் கணக்குப் பிசகினால் அந்த வெள்ளி அவருடைய கூலியிலிருந்துதான் குறையும். ஆகவே இந்தக் கேள்வி எங்கள் வீட்டில் வெறும் இலக்கணக் கேள்வியன்று.

குழாய் நிறைந்தால் போதுமா?

உருண்டையான பொருள்களை ஒரு கலத்தில் கொட்டினால் அவற்றிடையே வெற்றிடம் இருந்தே தீரும். ஒழுங்கின்றிக் கொட்டிய உருண்டைகள் கலத்தின் கொள்ளளவில் ஏறக்குறைய 60 விழுக்காட்டை மட்டுமே அடைக்கின்றன; தட்டித் தட்டி நிரப்பினால் 64 விழுக்காடு வரை செல்லும். பாசிமணிக்கு நடுவில் துளையும் இருப்பதால் உண்மையான கண்ணாடி இன்னும் குறைவு. தளர்வாக நிரப்பிய குழாயும் தட்டி நிரப்பிய குழாயும் கடையில் ஒன்றுபோலவே தோன்றும். வீட்டுக்குக் கொண்டுவந்து தட்டினால் ஒன்றில் மட்டம் இறங்கிவிடும். படியில் அரிசி அளந்த காலத்தில் குலுக்கி அளப்பதா, குலுக்காமல் அளப்பதா என்று எழுந்த வழக்கும் இதுதான். நிறைக்கு இந்தத் தொல்லை இல்லை. எத்தனை முறை குலுக்கினாலும் 20 கிராம் 20 கிராம்தான். முகத்தலைவிட எடுத்தல் நம்பத்தக்கது என்பதற்கு இதுவே காரணம்.

நிறை சொல்லாத செய்தி

ஆனால், நிறை மட்டும் போதாது. நமக்குத் தேவை எத்தனை மணி என்பது. பாசிமணியின் அளவை 6/0, 8/0, 11/0, 15/0 என்று குறிப்பார்கள். எண் பெரிதாகப் பெரிதாக மணி சிறிதாகும். தோராயமாக 8/0 மணி 3 மில்லிமீட்டர் விட்டமும், 11/0 மணி 2 மில்லிமீட்டரும், 15/0 மணி 1.5 மில்லிமீட்டரும் இருக்கும். ஒரு கிராமுக்கு 8/0 மணி சுமார் 40, 11/0 மணி சுமார் 110, 15/0 மணி சுமார் 260 நிற்கும்.

விட்டம் பாதியானால் மணியின் கனஅளவு எட்டில் ஒரு பங்காகும். எனவே அதே நிறைக்கு எட்டு மடங்கு மணி கிடைக்கும். சரமாகக் கோத்தால் நீளம் நான்கு மடங்கு வரும். துணியில் நெருக்கமாகத் தைத்தால் பரப்பு இரண்டு மடங்கு வரும். கோப்பவருக்கும் தைப்பவருக்கும் ஒரே கிராம் வெவ்வேறு பயனைத் தருகிறது.

எடுத்துக்காட்டாக, 45 சென்டிமீட்டர் சரம் ஒன்றைப் பார்ப்போம். கோத்த 11/0 மணி ஒவ்வொன்றும் நூலில் 1.4 மில்லிமீட்டர் இடம் பிடிக்கும். 450-ஐ 1.4-ஆல் வகுத்தால் சுமார் 320 மணி. நிறை 3 கிராம். பத்துச் சர மாலைக்கு 30 கிராம். கோணல் மணிகளைக் கழிக்க நேரும் என்பதால் 35 கிராம் வாங்குவது நல்லது.

தையலில் ஒரு சதுர சென்டிமீட்டரை நிரப்ப 11/0 மணி சுமார் 36 தேவை. 100 சதுர சென்டிமீட்டருக்கு 3,600 மணி. ஏறக்குறைய 33 கிராம். அதே இடத்தை 15/0 மணியால் நிரப்பினால் 6,300 மணி வேண்டும். நிறையோ 24 கிராம்தான். இதை நன்கு கவனிக்க வேண்டும். வாங்கும் நிறை குறைகிறது. தைக்கும் மணியோ முக்கால் பங்கு கூடுகிறது. “பொடிமணிதானே, கொஞ்சம்தானே செலவாகிறது” என்று கூலியைக் குறைத்துக் கேட்பவர்கள் உண்டு. அவர்கள் தராசைப் பார்க்கிறார்கள், ஊசியைப் பார்ப்பதில்லை. இந்தக் கணக்கை எழுதிக் காட்டிய பிறகு அம்மா பொடிமணி வேலைக்குத் தனிக் கூலி சொல்லத் தொடங்கியிருக்கிறார். மலாக்காவிலும் பினாங்கிலும் பெரானாக்கான் மணிக் காலணிகள் விலை உயர்ந்திருப்பதற்கும் மணியின் விலையைவிட இந்த உழைப்பே பெருங்காரணம்.

நிறையும் ஏமாற்றும் இடங்கள்

சாதாரணக் கண்ணாடியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.5 கிராம். ஈயம் கலந்த படிகக் கண்ணாடி 3 கிராம் வரையிலும் அதற்கு மேலும் செல்லும். எனவே அதே நிறைக்குக் குறைந்த மணிகளே கிடைக்கும். அக்ரிலிக் மணி 1.2 கிராம்தான், அதே நிறைக்கு இரு மடங்கு மணி கிடைக்கும். கண்ணாடி என்று சொல்லி அக்ரிலிக் கலந்து விற்றால், நிறையும் கொள்ளளவும் சேர்ந்துதான் காட்டிக்கொடுக்கும்: குழாய் நிரம்பியிருக்கும், கை கனக்காது.

வடிவத்தையும் பார்க்க வேண்டும். ஜப்பானிய மியூகி நிறுவனத்தின் டெலிகா மணி உருளை வடிவம், மெல்லிய சுவர், பெரிய துளை கொண்டது. அதனால் 11/0 அளவிலேயே கிராமுக்குச் சுமார் 200 நிற்கும். உருண்டை மணிக்குப் போட்ட கணக்கை இதற்குப் பொருத்தக்கூடாது.

வாங்குமுன் நினைவில் கொள்ள

முதலாவதாக, குழாய், பை ஆகியவற்றை நீக்கிய நிகர நிறையைக் கேளுங்கள். இரண்டாவதாக, விலையைக் கிராமால் வகுத்து ஒப்பிடுங்கள். 20 கிராம் குழாய் 6 வெள்ளி, 50 கிராம் பை 12 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், கிராம் முறையே 30 காசும் 24 காசும் ஆகும். மூன்றாவதாக, 100 மணியை எண்ணி, 0.01 கிராம் காட்டும் சிறு மின்தராசில் நிறுத்துப் பாருங்கள். சமையல் தராசு இதற்கு உதவாது. ஒருமுறை நிறுத்துக் குறித்துக்கொண்டால் அந்த வகை மணிக்கு என்றும் பயன்படும். நான்காவதாக, ஒரு வேலைக்குத் தேவையான மணியை ஒரே தடவையில் வாங்குங்கள். அடுத்த முறை வரும் சரக்கில் நிறம் சற்று மாறியிருக்கலாம். பாதி தைத்த ரவிக்கையில் அந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

நம் இலக்கணம் நான்கு அளவைகளைச் சொன்னது. எல்லாவற்றுக்கும் ஒன்றே போதும் என்று சொல்லவில்லை. நிறுத்து வாங்குவோம், நீட்டிக் கோப்போம். கூலி பேசும்போது மட்டும் மணிகளை எண்ணிப் பேசுவோம்.