இன்கா பாதையில் இருபது கிலோ

ஆண்டிஸ் மலையில் நான்கு நாள் நடை, அபுரிமாக் ஆற்றில் மூன்று நாள் படகு. பெரு நாட்டின் சாகச விடுமுறைக்கு உலகெங்கும் கிராக்கி. ஆனால் அதன் பாரம் யார் முதுகில்?

குஸ்கோவிலிருந்து போகும் ரயில் பாதையில் 82-வது கிலோமீட்டர் வரும் இடத்துக்கு பிஸ்காகுச்சோ என்று ஒரு பெயர் உண்டு. பயணிகள் யாரும் அதைச் சொல்வதில்லை. எல்லோருக்கும் அது 'கிலோமீட்டர் 82'. காலை வேளையில் அங்கே இரண்டு வரிசைகள் நிற்கின்றன. ஒன்றில் பாஸ்போர்ட்டும் கையுமாக வெளிநாட்டுப் பயணிகள். மற்றொன்றில் கூடாரம், காஸ் சிலிண்டர், மடக்கு நாற்காலி, முட்டை, உருளைக்கிழங்கு என்று சகலத்தையும் மூட்டை கட்டி முதுகில் ஏற்றிய கெச்சுவா இனத்தவர்கள். முதல் வரிசையில் பெயர் சரிபார்க்கப்படுகிறது. இரண்டாவது வரிசையில் மூட்டை தராசில் ஏறுகிறது. 20 கிலோவுக்கு மேல் போனால் இறக்கிவைக்க வேண்டும்.

தென் அமெரிக்காவின் மிகப் பிரபலமான நடைப்பயணம் இந்தத் தராசடியில்தான் தொடங்குகிறது. முடியும் இடம் மச்சு பிச்சு. இடையில் சுமார் 43 கி.மீ. தூரம், நான்கு பகல், மூன்று இரவு. இதனுடன் ஆற்றில் படகு விடும் ராஃப்டிங்கையும் சேர்த்து இரண்டு வார விடுமுறையாகப் பயண நிறுவனங்கள் விற்கின்றன. மலை, நதி, சரித்திரம் மூன்றும் ஒரே டிக்கெட்டில். இந்தியாவிலிருந்து பெருவுக்கு நேரடி விமானம் கிடையாது. ஐரோப்பா அல்லது அமெரிக்கா வழியாக லிமா போய், அங்கிருந்து குஸ்கோவுக்குப் பறக்க வேண்டும்.

குஸ்கோ சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறக்குறைய லே நகரின் உயரம். கடல் மட்டத்திலிருந்து நேரே வந்து இறங்குபவர்களுக்குத் தலைவலியும் மூச்சிரைப்பும் சகஜம். உள்ளூரில் இதற்கு சொரோச்சே என்று பெயர். விடுதிகளில் கோகா இலை போட்ட வெந்நீர் கொடுக்கிறார்கள். அதைவிட நல்ல மருந்து, இரண்டு மூன்று நாள் ஊரிலேயே தங்கி உடலைப் பழக்குவது. அவசரக்காரர்களுக்கு இந்த மலை இடம் தருவதில்லை.

சக்கரம் இல்லாத சாலை

இன்காக்களின் ஆட்சி ஒரு நூற்றாண்டுக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் நீடித்தது. ஆனால் அவர்கள் இணைத்து விரித்த சாலைப் பின்னல் 30,000 கி.மீ.க்கும் மேல். இன்றைய கொலம்பியா முதல் சிலி, அர்ஜென்டினா வரை ஆறு நாடுகளில் அதன் தடங்கள் கிடக்கின்றன. காபாக் நியான் எனப்படும் இந்தச் சாலையை யுனெஸ்கோ 2014-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. வண்டிச் சக்கரம் ஓடாத, இரும்பு தெரியாத, எழுத்து வடிவம் இல்லாத ஒரு அரசு இதைச் செய்தது. கணக்கு வழக்குகளை முடிச்சுப் போட்ட கயிறுகளில் வைத்திருந்தார்கள். சேதியை சாஸ்கி என்ற ஓட்டக்காரர்கள் கைமாற்றி, வாய்மாற்றிக் கொண்டுபோனார்கள். சுமக்க லாமா உண்டு. அதுவும் 25, 30 கிலோவைத் தாண்டினால் படுத்துக்கொள்ளும் பிராணி. மீதியெல்லாம் மனிதத் தோள்.

அந்தத் தோள்களை அரசுக்குக் கொடுத்தது மீதா என்ற உழைப்பு வரி. குடிமக்கள் வரியைக் காசாகக் கட்டவில்லை. முறை வைத்து அரசு வேலைக்கு வந்தார்கள். சாலை, பாலம், படிக்கட்டு வயல், கோட்டை எல்லாம் அப்படி எழுந்தவை. 1532-ல் கஹமார்காவில் இன்கா அரசன் அதாவால்பாவைச் சிறைப்பிடித்த ஸ்பானியர்கள், பின்னாளில் இந்த வரியை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு, வெள்ளிச் சுரங்கங்களுக்கு ஆள் பிடிக்கப் பயன்படுத்தினார்கள்.

மச்சு பிச்சு அவர்கள் கண்ணில் படவில்லை. 15-ம் நூற்றாண்டில் பச்சாகூட்டி என்ற பேரரசனின் மாளிகை நகரமாக எழுந்த அது, சுமார் நூறு ஆண்டுகளில் கைவிடப்பட்டு, காட்டுக்குள் மறைந்தது. 1911 ஜூலை 24-ல் அமெரிக்கர் ஹைரம் பிங்கம் அதைக் 'கண்டுபிடித்தார்' என்பது பாடப்புத்தகக் கதை. அவரை மலைமேல் கூட்டிப்போனவர் மெல்ச்சோர் ஆர்தேகா என்ற உள்ளூர் விவசாயி. கூலி ஒரு சோல். மேலே போனால் பழைய படிக்கட்டு வயல்களில் குடியானவர்கள் பயிர் செய்துகொண்டிருந்தார்கள். இடிபாடுகளைச் சுற்றிக் காட்டியவன் ஒரு சிறுவன். 1902-லேயே அகுஸ்தீன் லிசாராகா என்ற குஸ்கோ வட்டாரத்துக்காரர் அங்கே சுவரில் தன் பெயரைக் கரியால் எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். பிங்கம் அமெரிக்காவுக்குக் கொண்டுபோன பொருள்கள் நூறு ஆண்டு வழக்கடிப்புக்குப் பிறகு, 2011, 2012-ல் யேல் பல்கலைக்கழகத்திலிருந்து குஸ்கோ திரும்பின.

இறந்த பெண்ணின் கணவாய்

நடையின் முதல் நாள் ஏமாற்றும். ஆற்றோரமாக ஏற்ற இறக்கத்தோடு போகிற சாதுவான பாதை. சோதனை இரண்டாம் நாள். சுமார் 3,000 மீட்டரில் இருக்கும் வைய்யாபாம்பா கிராமத்தருகிலிருந்து 4,215 மீட்டருக்கு ஏற வேண்டும். உச்சியில் உள்ளது வார்மிவானுஸ்கா. கெச்சுவா மொழியில் 'இறந்த பெண்' என்று பொருள். மலை வளைவு, படுத்திருக்கும் பெண்ணைப் போலத் தெரிவதால் வந்த பெயர். பத்தடி நடந்தால் நின்று மூச்சு வாங்க வேண்டிய ஏற்றம் இது. நிற்பவர்களைத் தாண்டிக்கொண்டு, சிலர் டயர் செருப்போடு, சுமைக்காரர்கள் ஓடுகிறார்கள். பயணிகள் வந்து சேர்வதற்குள் கூடாரம் அடித்து, சூப் கொதித்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள்தான் பாதையின் முழு அழகும் தெரிகிறது. மலையைக் குடைந்து படி செதுக்கிய சுரங்க வழி, செங்குத்துப் பாறை முனையில் நிற்கும் சாயக்மார்கா, மேகத்துக்கு மேலே ஊர் என்று பொருள்படும் புயுபதமார்கா, படிக்கட்டு வயல்களோடு சரிவில் இறங்கும் வினாய் வைனா. பனி படர்ந்த சிகரங்களைப் பார்த்தபடி தொடங்கிய நடை, ஆர்க்கிட் பூக்கும் ஈரக்காட்டில் இறங்குகிறது. நான்காம் நாள் விடியுமுன் எழுந்து, இந்தி புங்கு என்ற சூரிய வாசலை அடைந்தால் கீழே மச்சு பிச்சு.

2,430 மீட்டர் உயரத்தில், ஊட்டியைவிடச் சற்று மேலே, இரண்டு சிகரங்களுக்கு நடுவே கட்டிய ஊர் அது. கண்ணுக்குத் தெரியும் கல்வேலையைவிடத் தெரியாத வேலை அதிகம் என்கிறார்கள் பொறியியல் ஆய்வாளர்கள். மழை கொட்டும் மலை முதுகில் ஊர் சரியாமல் நிற்பதற்குக் காரணம் மண்ணுக்கடியில் உள்ள அஸ்திவாரமும் வடிகாலும். ஊற்றிலிருந்து கல் வாய்க்காலில் வரும் தண்ணீர், படிப்படியாக அமைந்த 16 தாரைகளில் விழுந்து இறங்குகிறது.

தராசு வந்த கதை

1990-களில் இந்தப் பாதையில் தராசு இல்லை. யார் வேண்டுமானாலும் நடக்கலாம், எங்கே வேண்டுமானாலும் கூடாரம் போடலாம். குப்பை குவிந்தது, இன்காக்களின் கற்படிகள் பெயர்ந்தன. சுமைக்காரர்கள் 40 கிலோவுக்கு மேலும் தூக்கினார்கள். பயணிகள் மிச்சம் வைத்ததைச் சாப்பிட்டு, சமையல் கூடாரத்திலோ பாறை இடுக்கிலோ தூங்கினார்கள்.

மாற்றம் 2001-ல் வந்தது. அனுமதி பெற்ற வழிகாட்டியோ நிறுவனமோ இல்லாமல் பாதையில் கால் வைக்க முடியாது என்று விதி போட்டார்கள். ஒரு நாளைக்கு 500 பேருக்கே அனுமதி. இதில் வழிகாட்டிகள், சமையல்காரர்கள், சுமைக்காரர்களும் அடக்கம். ஆகவே பயணிகளுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 200 இடங்கள்தான். அதே ஆண்டின் இறுதியில் சுமைக்காரர்களுக்கென்று தனிச் சட்டம் வந்து, சுமைக்கு 20 கிலோ என்று வரம்பு கட்டியது. பாதையின் கற்களைக் காப்பாற்றப் பொதி மிருகங்களுக்கும் தடை உண்டு. கழுதைக்குக் கிடைத்த விடுதலை மனிதனுக்குக் கிடைக்கவில்லை. பிப்ரவரி மாதம் முழுக்கப் பாதையை மூடிப் பராமரிக்கிறார்கள்.

சுமைக்காரர்களில் பெரும்பாலோர் மேட்டு நிலத்து விவசாயிகள். உருளைக்கிழங்கும் மக்காச்சோளமும் விளைவித்து, ஓய்ந்த நாட்களில் மூட்டை தூக்க வருகிறார்கள். கடந்த சில ஆண்டுகளாகப் பெண்களும் வருகிறார்கள். 2022-ல் வந்த புதிய சட்டம் ஆண்களுக்கு 20 கிலோ, பெண்களுக்கு 15 கிலோ என்று பிரித்து வைத்தது. ஏட்டில் எல்லாம் சரி. தராசைத் தாண்டிய பிறகு சுமையை மாற்றிக் கட்டுவதும், ஆளைக் குறைத்து எடையைக் கூட்டுவதும் நடப்பதாகப் புகார்கள் ஓயவில்லை. பாதிக் கட்டணத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லும் நிறுவனம் எதில் மிச்சம் பிடிக்கிறது என்பதை ஊகிக்கப் பெரிய ஞானம் தேவையில்லை.

பேசும் தெய்வத்தின் மடியில்

படகுப் பயணத்துக்கு இரண்டு ஆறுகள். அரை நாள் உற்சாகம் போதும் என்பவர்களுக்கு உருபாம்பா. ரிஷிகேஷில் கங்கையில் படகு விட்டவர்கள் இதைச் சுலபமாகச் சமாளிப்பார்கள். வயிறு கலங்க வேண்டும் என்பவர்களுக்கு அபுரிமாக். அமேசான் நதியின் தொலைதூர ஊற்றுகளில் ஒன்றாகக் கருதப்படும் ஆறு இது. பெயருக்குப் பொருள் 'பேசும் தெய்வம்'. இன்கா காலத்தில் இதன் கரையில் குறி சொல்லும் கோவிலே இருந்தது.

மே முதல் நவம்பர் வரை, தண்ணீர் வடிந்த மாதங்களில்தான் இங்கே மூன்று நாள் படகுப் பயணம் நடக்கிறது. ரப்பர் படகில் பக்கத்துக்கு மூவராக உட்கார்ந்து துடுப்புப் போட, வழிகாட்டி பின்னால் நின்று குரல் கொடுக்கிறார். ஆற்று வேகத்தை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிப்பது உலக வழக்கம். ஆறாம் தரம் என்றால் உயிராபத்து. அபுரிமாக்கில் ஐந்தாம் தரம் வரை உண்டு. மிக மோசமான இடங்களில் பயணிகள் இறங்கிப் பாறை மேல் நடந்து கடக்கிறார்கள். ஹெல்மெட்டும் லைஃப் ஜாக்கெட்டும் கட்டாயம். முன்னால் ஒருவர் சிறு கயாக்கில் காவலுக்குப் போகிறாரா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இதே ஆற்றின் மேல்பகுதியில் இன்கா உழைப்பின் உயிருள்ள சாட்சி ஒன்று தொங்குகிறது. கெஸ்வச்சாகா என்ற புல்பாலம். நீளம் 28 மீட்டருக்குச் சற்றுக் கூடக் குறைய. ஒவ்வொரு ஜூனிலும் நான்கு கிராமத்தார் கூடி, பெண்கள் புல்லைத் திரித்துக் கயிறாக்க, ஆண்கள் அதை வடமாக முறுக்கி, மூன்று நாளில் புதுப்பாலம் கட்டுகிறார்கள். பழையதை ஆற்றில் அறுத்துவிடுகிறார்கள். நான்காம் நாள் திருவிழா. 2013-ல் இந்தக் கலைக்கு யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது. 2020-ல் கொரோனாவால் கிராமத்தார் கூடவில்லை. அடுத்த மார்ச்சில் பாலம் அறுந்து விழுந்தது. ஜூனில் மறுபடி கட்டிவிட்டார்கள். பக்கத்தில் வண்டி போக இரும்புப் பாலம் இருக்கிறது. அப்படியும் கட்டுகிறார்கள்.

அடுத்தது எது?

மச்சு பிச்சுவுக்கு 2019-ல் 15 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். 2024 முதல் ஒரு நாளைக்கு 4,500 பேர், நெரிசல் நாட்களில் 5,600 பேர் வரை அனுமதி. பலர் ரயிலில் வந்து ரயிலில் போகிறவர்கள். மலை அவ்வப்போது எச்சரிக்கவும் செய்கிறது. 2010 ஜனவரியில் உருபாம்பா வெள்ளம் தண்டவாளத்தை அரித்தபோது, சிக்கிக்கொண்ட ஆயிரக்கணக்கான பயணிகளை ஹெலிகாப்டரில் தூக்கிவர வேண்டியிருந்தது. இன்னும் கூட்டம் வரட்டும் என்று குஸ்கோ அருகே சின்செரோவில் பன்னாட்டு விமான நிலையத்துக்கு அடிக்கல் போட்டிருக்கிறார்கள். இன்கா அரசனின் தோட்ட மாளிகை இருந்த ஊர் அது. சரித்திர ஆசிரியர்களும் தொல்லியலாளர்களும் 2019-லேயே எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டார்கள்.

நெரிசல் பிடிக்காதவர்கள் சோக்கேகிராவ் போகிறார்கள். கச்சோரா கிராமத்திலிருந்து அபுரிமாக் பள்ளத்தாக்கில் செங்குத்தாக இறங்கி, ஆற்றைக் கடந்து, மறுகரையில் அதே அளவு ஏற வேண்டும். போக வர நான்கு நாள். வெள்ளைக் கல்லில் லாமா உருவங்கள் பதித்த படிக்கட்டு வயல்கள் அங்கே உண்டு. பெருங்கூட்டம் கிடையாது. இங்கே கோவேறு கழுதைக்கு அனுமதி உண்டு. கச்சோராவில் பல குடும்பங்களுக்கு அதுவே பிழைப்பு. பள்ளத்தாக்கின் குறுக்கே கேபிள் கார் விடும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேச்சில் இருக்கிறது. அது வந்தால் நான்கு நாள் நடை சில நிமிடங்களாகும். கழுதை வைத்திருப்பவர்களுக்கு என்ன வேலை மிஞ்சும் என்பது வேறு விஷயம்.

கிளம்ப நினைப்பவர்களுக்கு ஏற்ற காலம் மே முதல் செப்டம்பர் வரை. இன்கா பாதை அனுமதிக்குப் பல மாதங்கள் முன்பே பதிவு செய்ய வேண்டும். பதிவில் உள்ள பாஸ்போர்ட்டே கையில் இருக்க வேண்டும், இன்னொருவருக்கு மாற்றித் தர முடியாது. பணம் கட்டுமுன் நிறுவனத்திடம் வழக்கமாகக் கேட்பது கூடாரம் எப்படி, சாப்பாடு என்ன என்பவை. கூடவே இன்னும் நான்கு கேள்விகள் கேட்கலாம். எங்கள் குழுவுக்கு எத்தனை சுமைக்காரர்கள்? அவர்கள் எங்கே தூங்குவார்கள்? என்ன சாப்பிடுவார்கள்? காப்பீடு உண்டா? பதில் சொல்லத் தயங்கும் நிறுவனம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடலாம். தன் பையில் இரண்டு கிலோவைக் குறைத்துக்கொள்வது எந்தப் பயணிக்கும் முடியும்.