நிறுவனம் சாராக் குழந்தைப் பராமரிப்பு

நிறுவனம் சாராக் குழந்தைப் பராமரிப்பு என்பது, பெற்றோரை இழந்த, கைவிடப்பட்ட அல்லது பெற்றோரால் வளர்க்க இயலாத குழந்தைகளை இல்லங்களில் தங்கவைப்பதற்கு மாறாக, சொந்தக் குடும்பத்திலோ உறவினர் வீட்டிலோ வேறொரு குடும்பத்திலோ வளரச் செய்யும் முறையாகும். ஏற்கனவே இல்லத்தில் இருக்கும் குழந்தையைக் குடும்பச் சூழலுக்கு மாற்றுவதும் இதில் அடங்கும். இந்தியாவில் இதற்கான சட்ட அடிப்படை, 2016 சனவரியில் நடைமுறைக்கு வந்த இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015 ஆகும். இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பது இச்சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று.

இல்லங்களில் வாழும் குழந்தைகள்

இல்லங்களில் வாழ்வோர் அனைவரும் பெற்றோர் அற்றவர்கள் என்பது பரவலான, ஆனால் தவறான கருத்தாகும். 2016-17 ஆம் ஆண்டுகளில் நாடு முழுவதும் நடத்தப்பட்டு 2018 ஆம் ஆண்டில் வெளியான நடுவண் அரசின் கணக்கெடுப்பு, 9,589 இல்லங்களில் ஏறக்குறைய 3.77 இலட்சம் குழந்தைகள் இருப்பதைப் பதிவு செய்தது. தாய் அல்லது தந்தை ஒருவரை மட்டும் கொண்ட குழந்தைகளின் எண்ணிக்கை, இருவரையும் இழந்தவர்களின் எண்ணிக்கையைப் போல இரு மடங்குக்கும் மிகுதியாக இருந்தது. இல்லங்களின் எண்ணிக்கை மிகுந்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. கணவனை இழந்த தாய், நோயுற்ற தந்தை, மதுவால் சிதைந்த வீடு, வேலை தேடி இடம்பெயரும் பெற்றோர் ஆகியவையே குழந்தை இல்லத்துக்கு வரும் வழக்கமான காரணங்கள். உணவும் பள்ளிப் படிப்பும் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் பெற்றோரே கொண்டுவந்து சேர்ப்பதும் உண்டு. எனவே பல நேரங்களில் இல்லம், வறுமைக்கு அளிக்கப்படும் விடையாக இருக்கிறது. அந்த விடைக்குக் குழந்தை தரும் விலை குடும்பம் ஆகும்.

நடைமுறை

கவனிப்பாரின்றிக் காணப்படும் குழந்தையைப் பற்றி 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் எனச் சட்டம் கூறுகிறது. 1098 என்ற இலவசத் தொலைபேசி எண்ணும் இதற்கென உள்ளது. குழந்தை, தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தப்படும். குழந்தையின் பின்னணி பற்றிய சமூக ஆய்வை 15 நாட்களுக்குள் முடித்து, நான்கு மாதங்களுக்குள் இறுதி ஆணை வழங்க வேண்டும். குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடித்து ஒப்படைப்பதே குழந்தைகள் இல்லத்தின் முதன்மை நோக்கம் என்று சட்டமே சொல்கிறது. பெற்றோர் தாமாக ஒப்படைத்த குழந்தையானால், அவர்கள் மனம் மாறித் திரும்பப் பெற இரண்டு மாதக் காலம் தரப்படுகிறது.

குடும்பத்துக்குத் திரும்ப இயலாத குழந்தைக்குத் தத்தெடுப்பு, வளர்ப்புப் பராமரிப்பு ஆகிய வழிகள் உள்ளன. தத்தெடுப்பில் பெற்றோர் உரிமை நிலையாக மாறுகிறது. வளர்ப்புப் பராமரிப்பில் குழந்தை வேறொரு குடும்பத்தில் வாழ்ந்தாலும் சொந்தப் பெற்றோருடனான உறவு அறுபடுவதில்லை. குழந்தையின் நலனுக்குக் கேடு இல்லாதவரை அவர்கள் வந்து பார்க்கலாம். 2024 ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட வழிகாட்டு நெறிகள், 35 முதல் 60 வயது வரையுள்ள தனிநபர்களும் வளர்ப்புப் பெற்றோராக வழிசெய்தன. எனினும் 'ஊரார் பிள்ளை' ஒன்றைச் சில ஆண்டுகள் வளர்த்துத் திருப்பித் தரும் வழக்கம் இங்கு வேரூன்றவில்லை. தாத்தா, பாட்டி, சித்தி, தாய்மாமன் வீடுகளில் வளர்வதே தமிழகத்தில் நெடுங்காலமாக இருந்துவரும் இயல்பான முறை.

நிதி ஆதரவு

உறவினர் வீட்டில் வளரும் குழந்தைக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் பணம். சட்டம் இதற்கு நிதி ஆதரவு என்ற வழியை வகுத்துள்ளது. குழந்தை வீட்டை விட்டு இல்லத்துக்குப் போகாமல் தடுக்கவும், இல்லத்தில் இருக்கும் குழந்தை வீடு திரும்பவும் இது வழங்கப்படுகிறது. 2022 ஆம் ஆண்டின் வாத்சல்யா திட்ட நெறிகள் இத்தொகையை ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாயாக நிர்ணயித்தன. ஆனால் நகர்ப்புறத்தில் ஆண்டு வருமானம் 96,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்களே தகுதி பெறும் என அந்நெறிகள் வரம்பிட்டன. அதாவது மாதம் 8,000 ரூபாய். 1960களில் உருவான அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒப்பந்தக் கூலிக்கு வேலை செய்து, வாடகை வீட்டில் தங்கை மகளை வளர்க்கும் ஒருவர் மாதம் 10,000 ரூபாய் ஈட்டினாலே இவ்வரம்பைக் கடந்துவிடுவார். புறநகர் வாடகையை அறிந்தவர்களுக்கு இந்த வரம்பின் கடுமை எளிதில் புரியும்.

தமிழ்நாடு அரசு, கோவிட் பெருந்தொற்றில் பெற்றோரை இழந்து உறவினரிடம் வளரும் குழந்தைகளுக்கு 2021 ஆம் ஆண்டில் மாதம் 3,000 ரூபாய் அறிவித்தது. 2025 செப்டம்பரில் தொடங்கப்பட்ட 'அன்புக் கரங்கள்' திட்டம், பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க இயலாத நிலையில் உள்ள குழந்தைகளுக்கும் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் வழங்குகிறது.

திருமுல்லைவாயில் வழக்கு

அம்பத்தூருக்கு அடுத்த தொடருந்து நிலையமான திருமுல்லைவாயிலில் இயங்கிவந்த ஒரு தத்தெடுப்பு நிறுவனம் குறித்து 2005 ஆம் ஆண்டில் சென்னைக் காவல்துறை விசாரணை நடத்தியது. ஏழைக் குடும்பங்களிலிருந்து கடத்தப்பட்ட குழந்தைகள், தாயே மனமுவந்து ஒப்படைத்ததாகக் காட்டும் போலி ஆவணங்களுடன் நெதர்லாந்து, ஆத்திரேலியா முதலிய நாடுகளுக்குத் தத்து அனுப்பப்பட்டனர் என்பது குற்றச்சாட்டு. பின்னர் சென்னை உயர் நீதிமன்ற ஆணையின்படி வழக்கு நடுவண் புலனாய்வுத் துறைக்கு மாற்றப்பட்டது.

இவ்வழக்கு, குழந்தையை இல்லத்திலிருந்து 'வெளியேற்றுவது' மட்டுமே நன்மை ஆகாது என்பதைக் காட்டுகிறது. குழந்தை கைவிடப்பட்டது எனக் கூறும் ஒரு தாள், ஒரு தாயின் உரிமையை முழுவதுமாக அழித்துவிடக் கூடியது. அந்தத் தாளை யார் சரிபார்த்தார் என்பதே இங்கு முதன்மையான கேள்வி.

நீதிமன்றமும் பெருந்தொற்றும்

தமிழ்நாட்டு ஆதரவற்றோர் இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது தொடர்பாக 2007 ஆம் ஆண்டில் தொடங்கிய வழக்கில், நீதிபதிகள் மதன் லோக்கூர், தீபக் குப்தா ஆகியோர் 2017 மே 5 அன்று தீர்ப்பளித்தனர். நாட்டின் எல்லா இல்லங்களையும் அவ்வாண்டு இறுதிக்குள் பதிவு செய்யவும், ஒவ்வொரு குழந்தைக்கும் தனித் திட்டம் வகுக்கவும், இல்லத்துக்கு மாற்றான வழிகளை ஆராயவும் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

2020 சூன் மாதத்தில் சென்னை இராயபுரத்திலுள்ள அரசுக் காப்பகத்தில் 35 குழந்தைகளுக்குக் கோவிட் தொற்று உறுதியானது. நெருக்கமாகத் தங்கவைப்பதன் ஆபத்து எல்லோருக்கும் தெரிந்தது. பெருந்தொற்றின் தொடக்கத்தில் இந்திய இல்லங்களில் இருந்த 2,27,518 குழந்தைகளில் 1,45,788 பேர் குடும்பங்களிடம் அனுப்பப்பட்டதாக உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு திசம்பரில் குறிப்பிட்டது. அவர்களது கல்விக்காக மாதம் 2,000 ரூபாய் வழங்கவும் ஆணையிட்டது. இதற்கிடையே தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம், தமிழ்நாடு உள்ளிட்ட எட்டு மாநிலங்களிடம் 100 நாட்களுக்குள் குழந்தைகளைக் குடும்பங்களில் சேர்க்குமாறு கேட்டது கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. வன்முறைக்கோ குழந்தைத் திருமணத்துக்கோ அஞ்சி வந்த குழந்தையை நாட்கணக்கு வைத்து அதே வீட்டுக்கு அனுப்ப இயலாது. ஒவ்வொரு வீட்டையும் நேரில் சென்று பார்க்காமல் அனுப்பினால், சில மாதங்களில் அக்குழந்தை வேறோர் இல்லத்திலோ பட்டறையிலோ இருக்கக்கூடும்.

ஆய்வுச் சான்று

உருமேனியாவின் புக்காரெசுட்டு நகரில் 2000 ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வில், இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப்பேர் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு மாற்றப்பட்டனர். குடும்பங்களுக்குச் சென்றோரின் அறிவுத்திறனும் பிணைப்புணர்வும் மேம்பட்டன. ஏறக்குறைய இரண்டு வயதுக்குள் மாறியவர்களிடம் முன்னேற்றம் மிகுதியாக இருந்தது. ஐக்கிய நாடுகள் பொது அவை 2009 ஆம் ஆண்டில் ஏற்ற மாற்றுப் பராமரிப்பு நெறிகள், மூன்று வயதுக்குட்பட்டோரைக் குடும்பச் சூழலிலேயே வளர்க்க வலியுறுத்துகின்றன.

அம்பத்தூர் வட்டாரத்தில் ஆட்சி எல்லைகள்

அம்பத்தூர் நகராட்சி 2011 ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. 2018 ஆம் ஆண்டில் அம்பத்தூர் வட்டம் திருவள்ளூரிலிருந்து சென்னை மாவட்டத்துக்கு மாறியது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே உள்ளன. 2022 ஆம் ஆண்டில் அமைந்த ஆவடி மாநகரக் காவல் ஆணையரகத்தின் எல்லைக்குள் அம்பத்தூரும் வருகிறது. ஆகவே அம்பத்தூர்த் தெருவொன்றில் காணப்படும் குழந்தையை மீட்பது ஆவடிக் காவல்துறை. ஆணையிடுவது சென்னை மாவட்டக் குழு. சில கிலோமீட்டர் தொலைவில் ஆவடியில் குடியிருக்கும் பாட்டியின் வீட்டை ஆய்வு செய்ய வேண்டியது திருவள்ளூர் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. செங்கல் சூளை வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்தவர்களின் குழந்தையானால், கோப்பு மாநில எல்லையையும் கடக்க வேண்டும். அந்தக் கோப்பு நகரும் காலம் முழுவதும் குழந்தை இல்லத்திலேயே இருக்கும்.