டி.வி.யின் முதுகைப் பார்த்திருக்கிறீர்களா?

கேபிள்காரர் வருகிறார். பல்லாலேயே ஒயரைக் கடித்துத் தோலை உரிக்கிறார். ஒரு பின்னை மாட்டி, செட்டாப் பாக்ஸில் திருகி, மஞ்சள், வெள்ளை, சிவப்பு மூன்றையும் டி.வி.யின் முதுகில் குத்துகிறார். ஐந்தே நிமிடம்! நீட்டிய காபியைக் குடித்துவிட்டு அடுத்த தெருவுக்குக் கிளம்பிவிடுகிறார். அந்த ஐந்து நிமிடத்தில் அவர் கையில் என்னென்ன அதிசயங்கள் புரண்டன, தெரியுமா?

முதலில் அந்தக் கறுப்பு ஒயர். குறுக்கே வெட்டினால் நடுவில் செம்புக் கம்பி, சுற்றிலும் வெள்ளை நுரை, அதன்மேல் வெள்ளித் தாளும் கம்பி வலையும். சிக்னல் செம்புக்குள்தான் ஓடுகிறது என்றுதானே நினைக்கிறோம்? இல்லவே இல்லை! அதன் ஆற்றல் பயணம் செய்வது அந்த வெள்ளை நுரையில். செம்பும் வலையும் இரண்டு கரைகள், ஆறு ஓடுவது நடுவில்! ஆற்றல் கம்பிக்கு வெளியேதான் போகிறது என்று 1880-களில் கண்டுசொன்னவர்களில் ஒருவர் ஆலிவர் ஹெவிசைடு. இந்த வகைக் கேபிளுக்கு 1880-லேயே இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியவரும் அவரேதான். 16 வயதில் பள்ளியை விட்டவர், காது மந்தம், தந்தி ஆபீஸ் வேலை. டி.வி. என்ற பெட்டியே பிறக்காத காலத்தில் அதற்கு ஒயர் தயார்!

இன்னும் கேளுங்கள். வெட்டிப்போட்ட கேபிள் துண்டு வீட்டில் கிடந்தால், அதன் நடுக்கம்பிக்கு அருகே ஒரு காந்தத்தைக் கொண்டுபோங்கள். பல கேபிள்களில் டக்கென்று ஒட்டிக்கொள்ளும்! உள்ளே இரும்பு, செம்பு வெறும் மேல்பூச்சு. ஏமாற்று வேலையா? அதுதான் இல்லை. அதிர்வெண் ஏற ஏற மின்சாரம் கம்பியின் தோலோடு ஒட்டியே ஓடும். 100 மெகாஹெர்ட்ஸில் அது ஓடும் தோலின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் சுமார் 150-ல் ஒரு பங்குதான். உள்ளே எது இருந்தால் என்ன! செம்பு விலைக்குப் போடலாம் என்று பழைய ஒயரைச் சுருட்டி வைத்திருப்பவர்கள் மன்னிக்கவும்.

முனையில் மாட்டுகிறாரே பின், அந்தப் பின்னில் பின்னே கிடையாது என்பது தெரியுமா? அது வெறும் திருகு வளையம். கேபிளின் நடுக்கம்பியே வெளியே நீட்டிக்கொண்டு பின்னாக வேலை செய்கிறது. அதனால்தான் அத்தனை மலிவு. ஆனால் சுற்றியுள்ள வலையிலிருந்து ஒரே ஒரு இழை தப்பிவந்து அந்தக் கம்பியைத் தொட்டால் போதும், மொத்தப் படமும் காலி!

கேபிள் டி.வி. என்பதே யாருக்காகப் பிறந்தது தெரியுமா? மலைக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட ஊர்களுக்காக! அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மஹனாய் சிட்டி என்ற சின்ன ஊர். அங்கே கடை வைத்திருந்த ஜான் வால்சனுக்கு டி.வி. விற்கவில்லை. மலை மறைத்ததால் ஃபிலடெல்ஃபியா ஒளிபரப்பு ஊருக்குள் வரவில்லை. மலை உச்சியில் ஆன்டெனா நட்டு, ஊர்வரை ஒயர் இழுத்தார். ஆண்டு 1948 என்பது அவர் சொன்ன கணக்கு. அதே ஆண்டில் ஆரிகான் மாநிலத்தின் அஸ்டோரியாவில் எட் பார்சன்ஸும் ஒயர் இழுத்தார். யார் முதல் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை!

நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2017-ல் அரசு கேபிள் இலவச செட்டாப் பாக்ஸ் கொடுக்கத் தொடங்கியபோது, "நேரா டி.வி.யில சொருகினா வர்ற படத்துக்கு எதுக்குங்க பெட்டி?" என்று கேட்காத வீடு உண்டா? காரணம் பிரமாதமானது. பழைய முறையில் ஒரே ஒரு சேனல் அடைத்துக்கொண்ட இடத்தில், டிஜிட்டலில் நொடிக்கு சுமார் 38 மெகாபிட் தகவல் போகும். பத்துச் சேனலுக்கு மேல் அதில் உட்காரலாம்! எப்படி? முழுப் படத்தை எப்போதாவது ஒருமுறைதான் அனுப்புகிறார்கள். இடையில் எது மாறியதோ அது மட்டும். அதுமட்டுமா, பின்னால் வரவேண்டிய படத்தை முன்னாலேயே வாங்கி வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துத்தான் நடுவில் உள்ள படங்களைப் பெட்டி வரைகிறது! சேனல் மாற்றினால் ஒரு நொடி கறுப்பாக முழிக்கிறதே, அடுத்த முழுப் படம் வரட்டும் என்ற காத்திருப்பும் அதில் சேர்ந்ததுதான். ஒரே சிக்ஸருக்கு பக்கத்து வீட்டில் முதலில் கத்தல் கேட்டு, நம் வீட்டில் பந்து பிறகு பறப்பதும் இப்படிப்பட்ட தாமதங்களால்தான்.

"பணம் கட்டிட்டேன், சேனல் வரலையே" என்று போன் செய்தால் கேபிள்காரர் என்ன சொல்வார்? "பாக்ஸை ஆன்லயே வைங்கண்ணே, பத்து நிமிஷத்துல வந்துரும்." சாக்கு என்று நினைத்துவிடாதீர்கள்! உங்கள் பெட்டிக்கான உத்தரவு தனியாக வருவதில்லை. எல்லா வீட்டு உத்தரவுகளும் எல்லா வீட்டுக்கும் ஒரே ஒயரில் ஓடுகின்றன. ஒவ்வொரு பெட்டியும் தன் எண் எப்போது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறது. ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுவது மாதிரி. தூங்கினால் போச்சு!

இப்போது அந்த மூன்று கலர் ஒயருக்கு வாருங்கள். எனக்கு உயிர் இங்கேதான். அந்த முனைகள் 1930-களில் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. கம்பெனி, ரேடியோவோடு இசைத்தட்டுக் கருவியை இணைக்கச் செய்தவற்றின் வாரிசுகள். வெள்ளை இடப்பக்கச் சத்தம், சிவப்பு வலப்பக்கச் சத்தம், மஞ்சள் படம். முழுப் படமும் ஒரே ஒயரில்! ஒரு படத்துக்கு 625 கோடு, நொடிக்கு 25 படம், ஆக நொடிக்கு 15,625 கோடுகள் வரிசை தவறாமல் ஓடுகின்றன. மஞ்சளைத் தப்பித்தவறிச் சிவப்பு ஓட்டையில் செருகிவிட்டால் என்ன ஆகும்? ஸ்பீக்கரில் 'ர்ர்ர்' என்று ஓர் இரைச்சல். அது கோளாறு இல்லை ஐயா, படத்தைக் காதால் கேட்கிறீர்கள்! காட்சி மாறினால் இரைச்சலும் மாறும்.

சில டி.வி.க்களில் பச்சை ஓட்டை ஒன்று இருக்கும். மஞ்சளை அதில் குத்தி, இன்புட்டையும் அதற்கே மாற்றினால் படம் கறுப்பு வெள்ளையில் வரும். பலர் டி.வி. கெட்டது என்று பதறியிருக்கிறார்கள். அங்கே நடப்பது காலப்பயணம்! கலர் வந்தபோது ஏற்கெனவே வீடுகளில் இருந்த கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் வீணாகக் கூடாதே. அதனால் வெளிச்சக் குறிப்பின் இடைவெளிகளுக்குள் நிறத்தை ஒளித்துவைத்தார்கள். பழைய பெட்டி நிறத்தைக் கண்டுகொள்ளாது, புதிய பெட்டி பிரித்தெடுத்துக்கொள்ளும். பச்சை ஓட்டைக்கு வெளிச்சம் மட்டுமே தெரியும், ஆகவே நீங்கள் 1982-க்கு முந்தைய தூர்தர்ஷனுக்குப் போய்விட்டீர்கள்! நாம் எடுத்துக்கொண்ட 'பால்' என்ற கலர் முறையை ஜெர்மனியில் உருவாக்கியவர் வால்டர் ப்ரூக். உங்கள் பெயரையே வைத்திருக்கலாமே என்று கேட்டதற்கு, 'உடைசல்' என்று பெயர் வைத்தால் யார் வாங்குவார்கள் என்றாராம். ஜெர்மன் மொழியில் ப்ரூக் என்றால் அதுதான் பொருள்!

எச்.டி.எம்.ஐ. ஒயரா? 2002-ல் வந்தது, 19 முனைகள். அதைக் குத்தியதும் டி.வி. பெட்டியிடம் தன் ஜாதகத்தையே ஒப்பிக்கிறது: என்ன கம்பெனி, எத்தனை புள்ளி, எந்தச் சத்தம் தாங்கும் என்று. அதற்கேற்ற படத்தைப் பெட்டி அனுப்புகிறது. கலர் பொருத்தும் வேலை இல்லை, தப்பாகக் குத்தவும் வழியில்லை. கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கிறது.

ஒயர் கழன்றால் இப்போது நீலத் திரையில் 'நோ சிக்னல்'. ஆன்டெனா காலத்தில் சேனல் இல்லாத இடத்தில் வெள்ளைப் புள்ளிகள் கொதிக்குமே, நினைவிருக்கிறதா? அதில் சுமார் நூற்றில் ஒரு பங்கு, சுமார் 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரபஞ்சம் பிறந்த வெப்பத்தின் மிச்சம்! 1960-களில் பென்சியாஸ், வில்சன் என்ற இரு விஞ்ஞானிகள் தங்கள் ஆன்டெனாவில் இதே இரைச்சலைக் கேட்டு, புறா எச்சம்தான் காரணம் என்று கழுவிக்கூடப் பார்த்தார்கள். போகவில்லை. 1978-ல் நோபல் பரிசு வந்தது!

கடைசியில் ரிமோட். 1956-ல் அமெரிக்காவில் வந்த ஒரு ரிமோட்டில் பேட்டரியே கிடையாது. பட்டனை அழுத்தினால் குட்டிச் சுத்தி அலுமினியத் தண்டைத் தட்டும், நம் காதுக்கு எட்டாத அந்த மணியோசையில் டி.வி. சேனலை மாற்றும்! உங்கள் கையில் இருக்கும் ரிமோட் வீசுவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. பார்க்க ஆசையா? செல்போன் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் மூக்கை அதற்கு நேரே பிடித்து ஒரு பட்டனை அழுத்துங்கள். ஊதா நிறத்தில் மினுக்கும். பின்பக்கக் கேமராவில் தெரியாவிட்டால் செல்ஃபி கேமராவில் பாருங்கள்.