கடலுக்குப் போகிறவர் கையில் வயர்லெஸ் செட்



2017-இல் ஒக்கி புயல் வந்தபோது, நடுக்கடலில் இருந்தவர்களுக்குச் சேதி சொல்ல வழியில்லாமல் நாம் கரையில் தவித்தோமே, மறக்க முடியுமா? கொஞ்ச தூரம் போனாலே செல்போனுக்கு டவர் கிடைக்காது. அதனால் குழுக் கடனில் வயர்லெஸ் செட் வாங்கலாம் என்கிறோம். வாங்கும் முன் இவற்றைப் பாருங்கள்:

1. கடலுக்கென்றே உள்ள வி.எச்.எப். செட்டாக இருக்கணும். கடையில் விற்கும் சாதாரண வாக்கி டாக்கி உதவாது. ஆபத்தில் கூப்பிடுவது 16-ஆம் சேனலில்தான். அதில் அரட்டை கூடாது.

2. 'ஐ.பி.எக்ஸ். 7' என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். கை தவறி விழுந்தால் மிதக்குமா என்றும் கேளுங்கள். எல்லா செட்டும் மிதக்காது.

3. 5 வாட் செட் நல்லது. ஆனாலும் படகுக்குப் படகு சுமார் 5 மைல்தான் கேட்கும். ஏரியல் உயரமாக இருந்தால்தான் தூரம் போகும். ஆழ்கடல் தொழிலுக்குக் கைசெட் மட்டும் போதாது. பக்கத்துப் படகோடு சேர்ந்தே போகச் சொல்லுங்கள்.

4. உபரி பேட்டரி வாங்குங்கள். முதல்நாள் ராத்திரியே சார்ஜ் போடுவது நம் பொறுப்பு.

உரிமம் பற்றி மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். படகு திரும்பாவிட்டால் காத்திருக்காமல் கடலோரக் காவல் படைக்கு 1554-இல் சொல்லுங்கள்.

செட் பெட்டிக்குள் தூங்கினால் பயனில்லை சகோதரிகளே. போகிறவர் இடுப்பில் இருக்கணும்!